உங்களுக்குத் தெரியுமா? 'பென்னிகுயிக்' என்றால் குயில் குன்று!

தேனி, கம்பம், கூடலூர்ப் பக்கம் டீக்கடைப் பலகையில், ஆட்டோவின் முதுகில், கல்யாணப் பத்திரிகையில் என்று எங்கும் கண்ணில் படும் பெயர் பென்னிகுயிக். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியவர் என்பது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயர் எந்த மண்ணில் பிறந்தது, அதற்கு என்ன பொருள், அதே பெயரோடு வேறு யாரெல்லாம் வாழ்ந்தார்கள்? கேட்டுப் பாருங்கள், பலரும் விழிப்பார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அந்த ஒரு பெயருக்கே.

●

'ஆங்கிலேயப் பொறியாளர்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். அந்தக் குடும்பப் பெயர் இங்கிலாந்தைச் சேர்ந்தது அல்ல. ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், பென்ட்லாந்து குன்றுகளை ஒட்டி, வடக்கு எஸ்க் ஆற்றங்கரையில் பெனிகுக் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அந்த ஊரின் பெயர்தான் ஒரு குடும்பத்தின் பெயராகி, கடல் கடந்து நம் ஊர் வரை வந்தது.

●

அந்த ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் ஆங்கிலம் பேசியவர்கள் இல்லை. ஆங்கிலம் அங்கே கால் வைப்பதற்கு முன்பு தெற்கு ஸ்காட்லாந்தில் வழங்கியது பிரித்தானியப் பழங்குடிகளின் மொழி. இன்றைய வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய உறவு. அதன் ஸ்காட்லாந்துக் கிளை வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 'பென்' என்றால் அந்த மொழியில் தலை, உச்சி, முனை. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள பென்சான்ஸ், வேல்ஸில் உள்ள பெனார்த் போன்ற ஊர்களின் தலையில் நிற்பதும் இதே 'பென்'. 'கோக்' என்றால் குயில் இனத்துப் பறவையான குக்கூ. நடுவில் உள்ள 'இ' இரண்டையும் இணைக்கிறது. மூன்றும் சேர்ந்து 'பென்-இ-கோக்', அதாவது குயில் குன்று.

பேசியவர்கள் போய்விட்டார்கள், மொழி போய்விட்டது. அவர்கள் கேட்ட ஒரு பறவையின் குரல் மட்டும் ஊர்ப்பெயரில் தங்கிவிட்டது. பின்னால் அங்கே வந்த ஸ்காட் மொழிக்காரர்கள் அதே பறவையை 'கௌக்' என்று அழைத்தார்கள். ஊரின் பெயரை அவர்களும் மாற்றவில்லை.

●

அந்தப் பறவை நம் தோப்பில் கூவும் கருங்குயில் அல்ல, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. சாம்பல் நிறம். ஏப்ரல் மாதம் ஆப்பிரிக்காவிலிருந்து பிரிட்டனுக்கு வந்து சேரும். அதன் குரல் கேட்டால் வசந்தம் வந்துவிட்டது என்று அங்கே அர்த்தம். குணத்தில் இரண்டும் ஒன்று. நம் குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடும். அது புல்வெளியில் கூடு கட்டும் நெட்டைக்காலிகளின் கூட்டில் இடும்.

தமிழில் நாம் அந்தப் பெயரை எழுதும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பென்னிகுயிக். நடுவில் ஒரு 'குயி' வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டதில்லை. எழுத்தைப் பார்த்து ஒலி பெயர்த்ததில் தானாக அமைந்தது. எனக்கு இதில் அளவில்லாத மகிழ்ச்சி.

●

ஆங்கிலம் தெரிந்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் 'பென்னி' என்ற காசையும் 'குக்' என்ற சமையல்காரரையும் நினைத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. ஆனால் அந்த நினைப்பு சும்மா இருக்கவில்லை. பிறப்பையும் திருமணத்தையும் பதிவு செய்த தேவாலய எழுத்தர்கள் காதில் விழுந்ததை, தங்களுக்குப் புரிந்த சொல்லாக எழுதினார்கள். இப்படித்தான் ஒரே பெயர் பெனிகுயிக், பென்னெகுயிக், பென்னிகுயிக், பென்னிகுக் என்று பல எழுத்துக்கூட்டல்களாகச் சிதறியது. அவற்றில் இன்று அதிகம் காணப்படுவது காசும் சமையல்காரரும் சேர்ந்த 'பென்னிகுக்' வடிவமே.

●

சரி, உச்சரிப்பு? பழைய ஸ்காட் எழுத்து முறையில் 'யு'வும் 'ஐ'யும் அடுத்தடுத்து வந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே உயிரொலி. ஊரின் பெயரை இன்று 'பெனிகுக்' என்றே சொல்கிறார்கள். நாம் எழுத்தைப் பார்த்துக் 'குயிக்' என்கிறோம்.

பிரிட்டனின் அரிய குடும்பப் பெயர்களில் இந்த வம்பு சர்வ சாதாரணம். 'சோல்மாண்டிலி' என்று படிக்கத் தோன்றும் பெயரை 'சம்லி' என்பார்கள். 'பெதர்ஸ்டோன்ஹா' என எழுதியிருப்பது 'பேன்ஷா' ஆகும். ஸ்காட்லாந்தின் 'மென்சிஸ்' என்ற பெயரைப் பழைய முறையில் 'மிங்கிஸ்' என்று சொல்ல வேண்டும். அங்கே வழங்கிய 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சுக்கூடத்தில் அச்சு இல்லை. பார்வைக்கு அதைப் போலவே இருந்த 'இசட்' எழுத்தைக் கோத்தார்கள். எழுத்து மாறிவிட்டது, வாய் மாறவில்லை.

●

பிரிட்டனில் பரம்பரைக் குடும்பப் பெயர் ஒரே நாளில் வந்ததல்ல. 1066-ல் நார்மன் படையெடுப்புக்குப் பிறகு, முதலில் நிலம் வைத்திருந்தவர்களிடம் தொடங்கி, நூற்றாண்டுக் கணக்கில் கீழே இறங்கியது. தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர், ஊர் என்று நான்கு ஊற்றுகள். ஊர்ப்பெயர் வகையில் ஸ்காட்லாந்துக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. குடும்பப் பெயரும் சொந்த நிலத்தின் பெயரும் ஒன்றே என்றால், 'அதே ஊருக்கு உரியவர்' என்ற பொருளில் 'ஆப் தட் இல்க்' என்று சேர்த்து எழுதுவார்கள். பெனிகுக் குடும்பத்தாரும் அப்படி எழுதிக்கொண்டவர்களே.

●

அந்த நிலத்துக்கு ஒரு விசித்திரமான கடமை இருந்தது. எடின்பரோவை ஒட்டிய காட்டுக்கு அரசர் வேட்டையாட வரும்போது, பெனிகுக் நிலத்தின் உரிமையாளர் 'பக்ஸ்டேன்' என்ற பாறையின் மேல் உட்கார்ந்து மூன்று முறை கொம்பு ஊத வேண்டும்! பின்னாளில் நிலத்தை வாங்கிய கிளார்க் குடும்பம் அந்தக் கடமையையும் சேர்த்தே பெற்றது. அவர்களின் குலச் சின்னத்தில் கொம்பூதும் வேட்டைக்காரர் இருக்கிறார். அதிலுள்ள வாசகத்தின் பொருள்: 'ஓர் ஊதலுக்கு விடுதலை.' அந்தக் கல்லின் பெயரில் எடின்பரோவில் பக்ஸ்டோன் என்று ஒரு குடியிருப்புப் பகுதியே இருக்கிறது.

●

மின்காந்த அலைகளைக் கணக்கில் கண்ட ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் (1831–1879) பெனிகுக் கிளார்க் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய தந்தை ஜான் கிளார்க், பெனிகுக் பிரபு சர் ஜார்ஜ் கிளார்க்கின் தம்பி. மேக்ஸ்வெல்களின் வழியில் வந்த வேறொரு நிலம் ஜானுக்குக் கிடைத்தது. அதனால் பெயரோடு 'மேக்ஸ்வெல்'லைச் சேர்த்துக்கொண்டார். அந்தச் சொத்து கைமாறாமல் இருந்திருந்தால் இயற்பியல் புத்தகத்தில் நாம் 'கிளார்க் சமன்பாடுகள்' என்றே படித்திருப்போம்.

●

பெனிகுக் காகித ஊர். அங்கே 1709-ல் முதல் காகித ஆலையைத் தொடங்கியவர் ஒரு பெண்: எடின்பரோவின் அச்சுத்தொழிலைக் கையில் வைத்திருந்த ஆக்னஸ் கேம்பெல். நெப்போலியன் போர்களின்போது அந்த ஆலை வளாகத்தையே சிறை முகாமாக்கினார்கள். 1811 முதல் 1814 வரை அங்கே இறந்த 309 போர்க் கைதிகளுக்கு 1830-ல் நினைவுத்தூண் எழுப்பப்பட்டது. பகை நாட்டு வீரர்களுக்கு அந்த ஊர் செய்த மரியாதை அது.

●

ஒரே காலத்தில், ஒரே பெயரில், இரண்டு கவிஞர்கள்! இருவருமே அலெக்சாண்டர் பென்னெகுயிக். ஒருவர் மருத்துவர் (1652–1722). ட்வீட்டேல் பகுதியின் நிலம், ஆறு, செடிகொடி, மக்கள் பற்றி 1715-ல் ஒரு நூல் எழுதினார். இன்னொருவர் 1730-ல் மறைந்த எடின்பரோக்காரர். நூலகப் பட்டியல்களில் இருவரையும் பிரித்தறிவது எளிதான வேலை அல்ல.

●

கடலிலும் இந்தப் பெயர் போயிருக்கிறது. 1698 ஜூலையில் பனாமா நிலச்சந்தியில் ஒரு குடியேற்றம் அமைக்க, சுமார் 1,200 பேரோடு ஸ்காட்லாந்திலிருந்து ஐந்து கப்பல்கள் புறப்பட்டன. கடற்படைத் தலைவர் ராபர்ட் பென்னெகுயிக். 'செயின்ட் ஆண்ட்ரூ' அவருடைய கப்பல். காய்ச்சலும் பட்டினியும் குடியேற்றத்தை அழித்தன. அவரும் திரும்பி வரவில்லை. நாட்டு மக்களின் சேமிப்பில் கணிசமான பகுதி அந்தத் திட்டத்தில் மூழ்கியது. 1707-ல் ஸ்காட்லாந்து இங்கிலாந்தோடு இணைந்ததற்கு அந்த நட்டமும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

●

இனி நம் பென்னிகுயிக்கின் வீட்டுக்கு வருவோம். அவருடைய தந்தை பெயரும் ஜான் பென்னிகுயிக்தான். பிரிட்டிஷ் படையில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபின் சிலியன்வாலாவில் சீக்கியப் படையோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். அதே களத்தில், அதே நாளில், அவருடைய மகன் அலெக்சாண்டரும் இறந்தார். வயது 17. வீட்டிலிருந்த இன்னொரு மகன் ஜானுக்கு எட்டாவது பிறந்தநாள் வர இரண்டு நாள் இருந்தது. அந்த ஜான்தான் பின்னாளில் பெரியாறு அணையைக் கட்டினார்.

தந்தையையும் அண்ணனையும் ஒரே நாளில் விழுங்கிய நாட்டுக்கு, 19 வயதில் அவர் வேலைக்கு வந்தார். வெறுப்போடு வரவில்லை என்பதற்கு அவர் செய்த வேலையே சாட்சி.

●

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர் அவர். இங்கிலாந்தின் செல்டன்ஹாமிலும் அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரியிலும் படித்து, 1860-ல் இந்தியாவுக்குத் திரும்பினார்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு முன்பே நூறாண்டுப் பழமை உடையது. ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-லேயே ஆள் அனுப்பி மலையைப் பார்த்துவரச் செய்தார். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அதிகாரி நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு திட்டம் மறுபடி உயிர் பெற்றது. 1882-ல் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. திருவிதாங்கூரோடு 1886 அக்டோபர் 29-ல் 999 ஆண்டு குத்தகை ஒப்பந்தம். 1887-ல் வேலை தொடக்கம்.

காடு, மலேரியா, காலரா. கட்டியதை அடித்துக்கொண்டு போன வெள்ளம். சுண்ணாம்பும் சுட்ட செங்கல் தூளான சுர்க்கியும் கல்லும் கொண்டு 1,200 அடி நீளத்துக்கு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம். 1895 அக்டோபர் 10-ல் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். இன்று தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் வயலுக்கும் வாய்க்கும் போகிற தண்ணீர் அது. அந்தக் காட்டில் பெயர் தெரியாமல் மாண்ட நம் கூலித் தொழிலாளர்களின் உழைப்பும் அதில் ஓடுகிறது. ஒரு பெயரைப் பற்றி எழுதும் இந்தப் பக்கத்தில், பெயர் பதியப்படாத அவர்களையும் வணங்குகிறேன்.

●

இந்தியாவை விட்ட பிறகும் அவர் தண்ணீரை விடவில்லை. சர்ரேயில் இருந்த கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரிக்குத் தலைவராக 1896 முதல் 1899 வரை இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்று ஆராய அழைக்கப்பட்டு, 1899-ல் அறிக்கை கொடுத்தார். 1911 மார்ச் 9-ல் காலமானார். சர்ரேயின் பிரிம்லியில் செயின்ட் பீட்டர் தேவாலயத்துக் கல்லறையில் உறங்குகிறார்.

●

அணை கட்டியவரின் மகனும் ஒரு ஜான் பென்னிகுயிக். 1899-ல் பிறந்தவர். வழக்கறிஞராகி, இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதியாகி, 1970 முதல் 1974 வரை 'வைஸ் சான்சலர்' பதவி வகித்தார். அங்கே அது பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி அல்ல, சான்சரி பிரிவு நீதிபதிகளுக்குத் தலைமை. தாத்தா, தந்தை, மகன் என்று மூன்று தலைமுறைக்கும் ஒரே முழுப்பெயர். பழைய ஆவணங்களைப் படிப்பவர்கள் ஆண்டைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண வேண்டும்.

●

1914 ஆகஸ்ட் கடைசி. பிரான்ஸில் பிரிட்டிஷ் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆய்ஸ் ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம் தகர்க்கப்படாமல் விடுபட்டுப்போனது. இரண்டு இளம் அதிகாரிகள் வெடிமருந்தோடு ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி, எதிரி வரும் திசையிலேயே திரும்பிப் போய் அதைத் தகர்த்துவிட்டு வந்தார்கள். அந்த இருவரில் பொறியாளர் படையைச் சேர்ந்தவரின் பெயர் பென்னிகுயிக்!

●

எனக்கு மிகவும் பிடித்த பென்னிகுயிக், கோலின் பென்னிகுயிக் (1933–2019). குயில் குன்று என்று பெயர் வைத்துக்கொண்ட அவர் வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது பறவைகளின் பறத்தலை.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் சாய்க்கக்கூடிய காற்றுச் சுரங்கம் ஒன்றை அமைத்து, அதில் புறாக்களை மிதக்கவிட்டு அளந்தார். அதோடு நிறைவு வரவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சமவெளிக்குப் போய், எஞ்சின் பொருத்திய கிளைடரில் தானே ஏறி, கழுகுகளோடு கழுகாகச் சுற்றினார். வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் அவை எவ்வளவு நேரம் இறக்கை அடிக்காமல் ஏறுகின்றன, எந்த வேகத்தில் இறங்குகின்றன என்று வானத்திலேயே குறிப்பெடுத்தார். ஒரு பறவையின் எடையும் இறக்கை அளவும் தெரிந்தால் அது எவ்வளவு தூரம் பறக்கும் என்று கணிக்கும் வழியை உருவாக்கினார். ஆண்டுதோறும் நம் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் வரும் வலசைப் பறவைகளைப் படிப்பவர்களுக்கும் அந்தக் கணக்கு உதவும். 1990-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

●

இன்றைய பென்னிகுக்குகள் சிலர்:

மேத்யூ பென்னிகுக், லண்டன் கிரீனிச் பகுதியின் தொழிற்கட்சி எம்.பி. 2015 முதல் நாடாளுமன்றத்தில் இருக்கிறார், 2024-ல் வீட்டுவசதி அமைச்சரானார். ஸ்டீபன் பென்னிகுக், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தனித்தனி அணுக்களைப் பார்க்கும் முறையை வளர்த்த இயற்பியலாளர். கார்டன் பென்னிகுக், கனடாவைச் சேர்ந்த உளவியலாளர். ஆழமாக ஒலிக்கும் வெற்று வாக்கியங்களை மக்கள் ஏன் நம்பிவிடுகிறார்கள் என்று ஆராய்ந்ததற்காக 2016-ல் அவருக்கும் குழுவுக்கும் இக்நோபல் பரிசு கிடைத்தது. வாட்ஸப்பில் வருவதையெல்லாம் நம்பும் காலத்தில் மிகவும் தேவையான ஆராய்ச்சி.

●

ஸ்காட்லாந்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்கள் ஸ்மித், பிரவுன், வில்சன். பென்னிகுயிக் அந்த வரிசையின் பக்கத்திலேயே வராது. காரணம் எளிது. கொல்லர் எல்லா ஊரிலும் இருந்தார், எனவே ஸ்மித் எங்கும் முளைத்தது. பெனிகுக் என்ற ஊர் ஒன்றே ஒன்று.

●

ஆனால் அந்த அரிய பெயருக்குக் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு புது வாழ்வு கிடைத்தது. ஸ்காட்லாந்தின் ஒரு குடும்பப் பெயர் இங்கே பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகிவிட்டது. பென்னிகுயிக் என்று முழுதாக வைத்தவர்கள் உண்டு, பென்னி என்று சுருக்கியவர்கள் உண்டு. அங்கே தந்தையிடமிருந்து மகனுக்கு ரத்த வழியில் போன பெயர். இங்கே நெல் விளைந்த நன்றியில் வைத்த பெயர். இது அந்தப் பெயருக்குக் கிடைத்த ஆகப்பெரிய மரியாதை என்பேன்.

தேனி மாவட்டத்துப் பாலார்பட்டி மக்கள் ஆண்டுதோறும் ஜனவரி 15-ல் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். அவர் பிறந்தது தை பிறக்கும் நேரத்தில் என்பது உழவர்களுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. பல வீடுகளில் பூஜை அறையில் முருகன் படத்தின் பக்கத்தில் அவர் படமும் இருக்கிறது. தேனி பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15-ல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-ல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது.

●

கம்பம், கூடலூர், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பென்னிகுயிக் என்ற பெயர் கொண்டவர் இருந்தால், அவருக்கு அந்தப் பெயரை வைத்தது யார், எந்த ஆண்டு, எதற்காக, எப்படி எழுத்துக்கூட்டுகிறார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஸ்காட்லாந்தில் அந்தப் பெயரின் கதை தேவாலயப் பதிவேடுகளில் இருக்கிறது. இங்கே பெயர் வைத்த பாட்டிகளுக்கும் தாத்தாக்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.